விலாசம் அவருடையது, கடை யாருடையது?

கேள்வி: நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஒரு ரப்பர் ஸ்டாம்ப்தானே ஜனாதிபதி? அதற்கு 340 அறை மாளிகை எதற்கு?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: செட்டிநாட்டு அரண்மனை வீடுகளின் ஊரான கானாடுகாத்தானில் உட்கார்ந்துகொண்டு 'இத்தனை அறை எதற்கு' என்று கேட்கிறீர்களே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ரங்கூன் வட்டிக்கடைகளைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். முதலாளி இங்கே முகப்பில். அங்கே கடையை நடத்துவது மேலாள். கொடுப்பதும் வாங்குவதும் மேலாள்தான், ஆனால் பத்திரத்தில் முதலாளியின் விலாசம், அதாவது அவர் கடைப்பெயர். அரசமைப்புச் சட்டத்தின் 77-ஆவது பிரிவும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்: மத்திய அரசு செய்வதெல்லாம் ஜனாதிபதி பெயரில். செய்வது அமைச்சரவை. அவர்கள் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும் என்கிறது 74-ஆவது பிரிவு. ஒரு வித்தியாசம், முதலாளி மேலாளை மாற்றலாம். மக்களவையில் பெரும்பான்மை உள்ள பிரதமரை ஜனாதிபதி மாற்ற முடியாது. அந்த வேலை ஓட்டுப் போடுகிற உங்களுடையது.

ஆனால் ரப்பர் ஸ்டாம்ப் எதிர்க்கேள்வி கேட்காது. இவர் கேட்கலாம். 'மறுபடி யோசியுங்கள்' என்று ஆலோசனையை ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையை 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் கொடுத்தது. 1997-இல் உத்தரப்பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்னபோது கே.ஆர்.நாராயணன் திருப்பி அனுப்பினார்; அமைச்சரவை பேசாமல் கைவிட்டது. 2006-இல் எம்.பி.க்கள் சில அரசுப் பதவிகளையும் வகிக்க வழிவிடும் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பினார். அப்படியே மறுபடி வந்தது, கையெழுத்திட்டார். ஜெயில் சிங் இவர்களைவிடக் கெட்டிக்காரர். கடிதங்களைத் தடுத்து வைக்க அரசுக்கு அதிகாரம் தரும் 1986 தபால் மசோதாவில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் தருவதைச் சொல்லும் 111-ஆவது பிரிவில் கெடு எதுவும் குறிக்கவில்லையே! மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை.

உங்கள் 'ரப்பர் ஸ்டாம்ப்' கச்சிதமாகப் பொருந்துவது 1975 ஜூன் 25 ராத்திரிக்கு. நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியதோ மறுநாள் காலையில். 'எல்லாரும் உட்கார்ந்து பேசினீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது அமைச்சரவை முடிவு எழுத்தில் வந்தால்தான் கையெழுத்து.

அப்புறம் அந்த 340 அறை. அது வைஸ்ராய்க்குக் கட்டியது. கவர்னர் ஜெனரலாகப் போன ராஜாஜி, வைஸ்ராயின் ஆடம்பரப் படுக்கையறை தமக்கு ஒத்துவராது என்று சின்ன அறைக்குப் போய்விட்டார். உங்கள் ஊர் வழக்கம்தான்: முகப்பு விருந்தாளிக்கு, குடியிருப்பு உள்கட்டில்.