அவள் நோட்டில் சிவப்பு மையில் ஒரு கேள்வி

மகள் வானியல்தான் படிப்பேன் என்கிறாள். "அது சோறு போடாது, விண்வெளிப் பொறியியலில் சேர்த்துவிடு, அதுவும் வானம்தானே" என்று சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். அந்தப் பொறியியலுக்குக் கடன் வாங்கித்தான் கட்டணம் கட்ட வேண்டும். என்ன செய்வதென்று கண் கலங்கக் கேட்டீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறதம்மா. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். ஏவுகலம் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்ல படிப்பு. உங்கள் மகளின் ஆசை அதுவல்ல.

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோள் 2032இல் பூமியில் மோதும் வாய்ப்பை நாள்வாரியாகக் குறித்திருக்கிறாள். 2025 பிப்ரவரி 18இல் 3.1 சதவீதம், ஒரே வாரத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில், "ஏறிவிட்டு ஏன் இறங்கியது?" அளவீடுகள் சேரச் சேர, அந்தக் கல் எங்கெல்லாம் வரக்கூடும் என்ற பரப்பு சுருங்கும். பூமி அதற்குள் இருக்கும்வரை வாய்ப்பு ஏறும், வெளியே வந்துவிட்டால் சட்டென்று சரியும். இந்தக் கேள்வி தானாக எழுகிற பிள்ளையை வேறு பக்கம் தள்ளக்கூடாது.

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1919இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியத்தை, 2006இல் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்துக் குறுங்கோள் ஆக்கியதால் பலருக்கும் தெரியும். அதன் சார்பில் 1947 முதல் இயங்கும் சிறுகோள் மையத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இப்போது அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. உலகெங்குமுள்ள தொலைநோக்கிகள், சிறுகோள்கள் வானில் தெரிந்த நேரத்தையும் இடத்தையும் அளந்து அங்கே அனுப்பும். தற்காலிகப் பெயர் வைத்துச் சுற்றுப்பாதையைக் கணக்கிடுவார்கள். பாதை உறுதியானால்தான் நிரந்தர எண். அந்தத் தற்காலிகப் பெயரே ஒரு கணக்குதான்: ஒய் என்றால் டிசம்பரின் பின்பாதி, ஆர்4 என்றால் அந்த அரைமாதத்தில் கண்டுபிடித்த 117ஆவது பொருள். இதைச் சொன்னதும் அவள் உடனே பேனாவை எடுத்துச் சரிபார்த்தாள்!

ஒன்றியம் ஆளெடுக்கும் கம்பெனி அல்ல, வானியலாளர்களின் சங்கம். வேலை தருவது ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும்தான். இடங்கள் குறைவு, முனைவர் பட்டம்வரை படிக்க வேண்டிவரும். இதை மறைக்கமாட்டேன். ஆனால் இயற்பியல் அல்லது கணிதப் பட்டம், கூடவே புள்ளியியலும் நிரல் எழுதும் பழக்கமும் என்று போனால், வானியலில் இடம் கிடைக்காவிட்டாலும் தரவு சார்ந்த வேலைகளுக்கு அந்தக் கைத்திறன் உதவும்.

சிறுகோள் மையத்தின் அளவீடுகள் எல்லோருக்கும் இலவசம். இந்த விடுமுறையில் ஒரே ஒரு கல்லின் பாதையை அவள் கணக்கிட்டு எடுத்து வரட்டும். இன்று முழுக்க நீங்களே பேசினீர்கள். அடுத்த முறை அவள் பேசட்டும்.