சவாரோ கள்ளிகளுக்கு நடுவே ஒரு காலை நடை

கேள்வி: மார்ச்சில் அரிசோனாவிலுள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். சூப்பர்ஸ்டிஷன் மலையின் பெரால்ட்டா பாதையில் நடக்க ஆசை. எனக்கு 56 வயது, கணவருக்கு 60. முடியுமா? வழியில் எதையெல்லாம் பார்க்கலாம்? – வாசகி, ஈரோடு

பதில்: தினமும் நடக்கிற பழக்கம் இருந்தால் தாராளமாக முடியும். ஃப்ரீமான்ட் கணவாய் வரை ஒரு வழிக்கு ஏறக்குறைய 3.7 கி.மீ.; ஏற்றம் 400 மீட்டருக்குச் சற்று மேல். போய்வர நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கினால் வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிடலாம்.

தலைக்கு 3 லிட்டர் தண்ணீர் கட்டாயம். பாதையோர ஓடையை நம்ப வேண்டாம். மழைக்குப் பின் சில நாள் ஓடும், அவ்வளவுதான். வறண்ட காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடும். சட்டை நனையாததால் உடம்பில் நீர் வற்றுவதே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை நாலு மடக்கு குடியுங்கள். கூடவே உப்புக்கடலை கொறியுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். பாதித் தண்ணீர் தீர்ந்ததும், கணவாய் கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். இறக்கத்தில் பாறைமேல் பொடிச்சரளை உருளும். அடி தேய்ந்த ஷூ வேண்டவே வேண்டாம்.

கணவாயில் ஏறியதும் எதிரே வீவர்ஸ் நீடில் நிற்கும், எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறைத்தூண். ஆனாலும் நடை தொடங்கும் அடிவாரத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். சவாரோ கள்ளிகள் அங்கேதான் அதிகம். ஒன்றின் அருகில் நின்று பாருங்கள்: உடம்பு முழுக்க ஆர்மோனியத் துருத்தி போல மடிப்புகள். மழை பெய்தால் விரியும், வறட்சியில் ஒடுங்கும். முதல் 8 ஆண்டில் அது வளர்வது ஒன்று, ஒன்றரை அங்குலம்தான். கிளை விடவே 50 வயதுக்கு மேல் ஆகும். குட்டிச் சவாரோவைத் தேட வேண்டுமானால் பச்சைப்பட்டை கொண்ட பாலோ வெர்டே மரத்தடியில் தேடுங்கள். அந்த நிழல்தான் அதற்குத் தொட்டில்.

சமவெளியில் கிரியோசோட் புதர் கண்ணில் பட்டால் இலையைக் கிள்ள வேண்டாம். கிளையை இரு கையால் பொத்தி, வாயால் சூடாக ஊதி முகர்ந்து பாருங்கள். அந்தப் பாலையின் மழை வாசனை அதுதான்.

கேள்வி: சோய்யா கள்ளி தாவிக் குத்துமாமே? குத்தினால் என்ன செய்வது? – வாசகர், மதுரை

பதில்: தாவாது. லேசாக உரசினாலே அதன் கணு, அதாவது முள் நிறைந்த தண்டுத்துண்டு, கழன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிப் போய் விழுந்த இடத்தில் வேர்விடுவதுதான் அது பரவும் வழி. முள்நுனியில் பின்னோக்கிய நுண்கொக்கிகள் உண்டு. அதனால் கையால் இழுத்தால் விரலிலும் ஏறும். அகலப் பல் சீப்பைத் தோலுக்கும் கணுவுக்கும் நடுவே நுழைத்து, ஆள் இல்லாத பக்கமாகச் சட்டென்று சுண்டிவிடுங்கள். மிஞ்சிய முள்ளை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக உருவுங்கள். சாய்த்தால் உள்ளே முறிந்துவிடும்.