சந்தேகக் கணவர் நாடகம்: நடுவில் ஏன் தொய்கிறது?

உங்கள் நகைச்சுவை நாடகத்தின் கதைச் சுருக்கத்தைப் படித்தேன். மனைவியின் ஒற்றைத் தோடு பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப் பையில் கிடைக்கிறது, கணவர் கொதிக்கிறார். ஆனால் "நேரா கேட்டா முடிஞ்சுபோச்சே" என்று ஒத்திகை பார்த்தவர்கள் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

கணவர் வாய் திறக்காததற்கு வலுவான காரணம் வேண்டும். அவரும் எதையாவது மறைக்கட்டும். பக்கத்து வீட்டம்மாவிடம் மனைவிக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். கேட்டால் தன் குட்டும் உடையும். அப்புறம் அவரும் அந்த அம்மாவும் மாடிப்படியில் கிசுகிசுப்பதை மனைவி பார்ப்பார். சந்தேகம் நான்கு பேரையும் பிடித்துக்கொள்ளும், நடுப்பகுதி தானாக ஓடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. தோடு எப்படி அங்கே போனது என்பதைக் கடைசிவரை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அது துப்பறியும் கதைக்குப் பொருந்தும். இங்கே உண்மை தெரிந்தவர்களுக்குத்தான் கணவரின் ஒவ்வொரு தப்புக்கணக்கும் சிரிப்பு. பிரெஞ்சு நாடக ஆசிரியர் ஜார்ஜ் ஃபேதோவின் 1907ஆம் ஆண்டு நாடகமான 'எ ஃப்ளீ இன் ஹெர் இயர்'-இல், கணவனைச் சோதிக்க மனைவி தன் தோழியை வைத்துப் பொய்க் காதல் கடிதம் எழுத வைக்கிறாள். எழுதுவதை நம் கண்முன்னே காட்டிவிடுகிறார். பிறகு தோழியின் கணவன் அந்தக் கையெழுத்தை அடையாளம் கண்டு துடிக்கும்போது அரங்கமே அதிர்கிறது. நீங்களும் முதல் காட்சியிலேயே தோடு விழுவதைக் காட்டிவிடுங்கள்.

கணவர் பக்கத்து வீட்டுக்காரரை அடிக்கும் இடத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அடி விழுந்தால் சிரிப்பு நின்றுவிடும். அவர் கை ஓங்கும் நேரத்தில் அந்த அம்மா கடனைக் கேட்டு உள்ளே வரட்டும்.