தீம் பார்க் மோனோரயில் நடுவழியில் நின்றால் கீழே குதிக்கலாமா?

குதிக்கவே குதிக்காதீர்கள். காட்பாடியிலிருந்து பிள்ளைகளோடு கிளம்பும் முன்பே இதைக் கேட்டீர்களே, அதுவே நல்லது.

மோனோரயில் ஒற்றை உத்தரத்தின் மேல் ஓடுவது. பல இடங்களில் பக்கத்தில் நடைபாதையே இருக்காது. கதவைத் திறந்தால் காலுக்குக் கீழே வெறும் காற்றுதான். உத்தரத்தின் பக்கவாட்டில் ரயிலுக்கு மின்சாரம் தரும் மின்பட்டை வேறு. விளக்கு அணைந்துவிட்டது என்று அதை நம்பக் கூடாது, மின்சாரம் எந்த நொடியும் திரும்பலாம்.

மும்பையில் 2025 ஆகஸ்ட் 19 அன்று, மழை நாளில், கூட்டம் நெருக்கியடித்து ஏறியதில் ஒரு மோனோரயிலின் எடை 104 டன் வரம்பைத் தாண்டி, மின்பட்டையோடு தொடர்பு விட்டுப்போனது. தீயணைப்பு வீரர்கள் ஏணி வண்டி வைத்துப் பல நூறு பேரை இறக்கினார்கள். அதற்குள் ஏ.சி. நின்று பலருக்கு மூச்சு முட்டிவிட்டது.

என் பயமும் அந்தப் புழுக்கம்தான். மே மாதம் வேலூர் கோட்டைக்கு வெளியே நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பாருங்கள், சீட் தொடையைச் சுடும். அதனால் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் அவசியம். ஊழியர்களோடு இன்டர்காமில் பேசும்போது கர்ப்பிணி, இதய நோயாளி, கைக்குழந்தை இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் இன்னொரு வண்டி வந்து இழுத்துப் போய்விடும். உள்ளே புகை வந்தால் மட்டும் அவசர ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.