அட்டையில் கல்வெட்டு, உள்ளே கணக்கு எங்கே?

கேள்வி: எங்கள் ஊராட்சித் தலைவர் ‘வளர்ச்சியும் பண்பாடும்’ என்று எட்டுப் பக்கத்தில் வழவழ தாளில் மலர் போட்டு வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். அட்டையில் உத்திரமேரூர் கல்வெட்டு. உள்ளே வரவேற்பு வளைவு, சமுதாயக் கூடம், சிமென்ட் சாலை, பொங்கல் விழா. இதைக்கூடக் குறை சொல்கிறவர்களை என்ன செய்வது? (மலரை இணைத்துள்ளேன்.)
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம். அவர்களோடு உட்கார்ந்து அந்த மலரை இன்னொரு முறை படியுங்கள்.

சமுதாயக் கூடம் நல்ல காரியம். மண்டப வாடகைக்குக் கடன் வாங்குகிற குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. அதற்குத் தலைவரைப் பாராட்டலாம். பொங்கலுக்குத் தெருக்கூத்து வைத்ததும் சரிதான். ஆனால் ஐந்தாம் பக்கப் படத்தைப் பாருங்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிய கலைஞர்கள் பின்னால் பாதி மறைந்து நிற்கிறார்கள். முன்வரிசை முழுக்கப் பொன்னாடை. கலைஞர் ஒருவர் பெயர்கூட இல்லை. பொன்னாடைக்காரர்கள் பெயர் பதவியோடு இருக்கிறது. எட்டுப் பக்கத்திலும் தேடிவிட்டேன், ஒரு ரூபாய்க் கணக்கும் கிடையாது.

அதனால்தான் அந்த அட்டை உறுத்துகிறது. ஊர்ச்சபைக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய சாசனங்கள் அவை. 30 குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பெயர், குடத்துக்குள் கைவிட்டுக் குலுக்கல் முறையில் ஓலை எடுக்க ஒரு சிறுவன், இதெல்லாம் எல்லா மேடையிலும் வரும். அடுத்து வருகிற விதிகளை மட்டும் யாரும் வாசிப்பதில்லை. வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமில்லை, அவனுடைய அப்பா, மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மச்சான், மருமகன், பெரியம்மா சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் வரை தகுதி இல்லை. மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவனும் கூடாது. இன்றைக்கு இந்த விதி இருந்தால் எத்தனை ஊரில் குடம் காலியாக இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அந்தக் காலத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது பிரமதேயம், பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். வரி கட்டுகிற சொந்த நிலம், வேதப் படிப்பு, வயது வரம்பு எல்லாம் பார்த்துத்தான் ஓலை எழுதினார்கள். உழுதவன் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை, பெண் பெயர் விழவே இல்லை. நம் ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்பது அதைவிட எவ்வளவோ மேல். கணக்கு விஷயத்தில் மட்டும் அவர்கள் கறார்.

ஏரி வாரியம் என்று தனியாகவே ஆறு பேரை வைத்திருந்தார்கள். உங்கள் மலரில் ஏரி ஒரே இடத்தில் வருகிறது, விழாப் பந்தலுக்குப் பின்னால். ‘ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், மிஞ்சினால் நீர்வளத் துறை, ஏரி என் கையில் இல்லை’ என்று தலைவர் சொல்லலாம். சரி. வரத்துக்கால்வாயைத் தூர்வாரச் சொல்லி ஊராட்சி போட்ட தீர்மானத்தின் தேதியையாவது அச்சிட்டிருக்கலாமே?

குடிநீருக்கு ஒரே வரி: ‘சீரான குடிநீர் விநியோகம்’. எத்தனை நாளுக்கு ஒரு முறை? மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கிவிட்டது. அந்தப் பணம் எவ்வளவு வந்தது, எங்கே போனது, வளைவு எந்தப் பணத்தில் எழுந்தது என்பதுதான் வளர்ச்சி அறிக்கை. மற்றதெல்லாம் கல்யாண ஆல்பம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நூறு நாள் வேலைக்காரர்களை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி அரை மணியில் முடித்துவிடுகிற ஊர்கள் உண்டு. உங்கள் ஊர் அப்படியில்லை என்று நம்புகிறேன். அடுத்த சபையில் எழுந்து, வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். படிவம் 30 என்று கேட்டாலே செயலருக்குப் புரியும். சொன்ன பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, ஏற்றிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். மழுப்பினால், வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு.

அந்த வழவழ மலருக்கான அச்சுக்கூலி எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.