பங்க் விரிவானால் காற்று கெடுமா?

கேள்வி: புளியரைச் சாலையில் எங்கள் தெருவை ஒட்டிய பெட்ரோல் பங்க்கில் கூடுதல் பம்புகளும் இன்னொரு நிலத்தடித் தொட்டியும் வரவிருக்கின்றன. நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?
– வாசகி, செங்கோட்டை

பதில்: மாதம் எத்தனை கிலோலிட்டர் பெட்ரோல் விற்கும் என்பதை முதலில் கேளுங்கள், கேரளத்தைவிட இங்கு விலை குறைவாதலால், எல்லை தாண்டி வந்து நிரப்பும் வண்டிகளும் அக்கணக்கில் இடம்பெற வேண்டும். டேங்கர் லாரி தொட்டியை நிரப்பும்போதும், வண்டிகளுக்குப் பெட்ரோல் போடும்போதும் ஆவி வெளியேறுகிறது. அதிலுள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது என்பதால் இதை இலேசாக விட்டுவிடக் கூடாது. பென்சீனுக்கான தேசியக் காற்றுத் தர வரம்பு ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பதால், விரிவாக்கத்துக்கு முன்பே உங்கள் வீடுகளருகே அதை அளக்கச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று பலமாக வீசி ஆவியைக் கலைத்துவிடும். அந்த மாதங்களில் மட்டும் எடுத்த அளவீட்டை ஏற்காதீர்கள்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதல், புதிய பங்க்குகளுக்குக் குடியிருப்புப் பகுதியிலிருந்து 50 மீட்டரும், இடநெருக்கடியில் கூடுதல் பாதுகாப்புடன் குறைந்தது 30 மீட்டரும் இடைவெளி கோருகிறது. விரிவாக்கத்துக்கும் அதையே அளவுகோலாக வைத்து வாதிடுவது நியாயம். வெளியேறும் ஆவியைப் பிடித்துத் திருப்பும் ஆவி மீட்பு அமைப்பு, தொட்டியை நிரப்புவது, வண்டிகளுக்குப் போடுவது ஆகிய இரு கட்டங்களிலும் பொருத்தப்படுமா என்பதை எழுத்தில் பெறுங்கள்.