வாசகர் கேள்வி-பதில்: ‘தெஃபிலா’ என்பது ஜெபம்தானா?

கேள்வி: ரங்கூன் 26-ஆம் தெருவில், பெயின்ட் கடைகளுக்கு நடுவே இருக்கும் யூதர் கோயிலைக் காண ஊரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் ‘தெஃபிலா’ என்ற சொல்லை அடிக்கடி சொன்னார். நாம் ஜெபம் என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்களா?

பதில்: பொதுப்பொருளில் ஆம். ஆனால் நம் மொழியில் ‘ஜெபம்’ என்பது முணுமுணுத்து உருவேற்றுவதிலும், ‘விண்ணப்பம்’ என்பது பணிந்து தெரிவிப்பதிலும் வேர்கொண்டவை (குடிவரவு அலுவலகத்தில் நீட்டும் தாளும் விண்ணப்பம்தான்). தெஃபிலா என்னும் எபிரேயச் சொல்லின் வேர் வேறு. ப-ல-ல் என்னும் அந்த வேருக்குத் தீர்ப்பளித்தல், நடுநின்று பரிந்து பேசுதல் என்னும் பொருள்கள் உண்டு. ஆசாரியரான ஏலி தன் பிள்ளைகளைக் கண்டிக்கும் இடத்தைப் பாருங்கள் (1 சாமுவேல் 2:25): மனிதனுக்கு எதிராக மனிதன் குற்றம் செய்தால் கடவுள் நியாயம் தீர்ப்பார், கடவுளுக்கே எதிராகச் செய்தால் அவனுக்காக யார் பரிந்து பேசுவார் என்கிறார். அந்த ஒரே வசனத்தில் ‘நியாயம் தீர்ப்பார்’ என்பதும் ‘பரிந்து பேசுவார்’ என்பதும் இதே வேரின் இரண்டு வினை வடிவங்கள். ஜெபிப்பதற்கு வழங்கும் ‘ஹித்பல்லேல்’ என்பது அவற்றுள் இரண்டாவது. அவ்வடிவம் பல வினைகளில் ‘தன்னைத்தானே’ என்ற பொருளைத் தருவதால், தெஃபிலா என்றால் தன்னையே எடைபோட்டுப் பார்த்தல் என்று போதகர்கள் விளக்குவதுண்டு. கேட்க அழகான விளக்கம்தான். எனினும் இலக்கணம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், பரிந்து வேண்டுதல் என்ற பொருளே எனக்கு உறுதியாகப் படுகிறது.

வழக்கில் இச்சொல்லுக்கு ஒரு குறுகிய பொருளும் உண்டு. யூத மறைநூல் வல்லோர் வெறுமனே ‘தெஃபிலா’ என்று எழுதினால், நின்றுகொண்டு சொல்லும் ‘அமிதா’ என்னும் வேண்டுதலையே குறிப்பார்கள். அதற்குப் பதினெட்டு என்று பொருள்படும் மற்றொரு பெயரும் உண்டு. பிற்காலத்தில் மேலும் ஒரு வாழ்த்து சேர்க்கப்பட்டதால் இன்று வாரநாள்களில் சொல்லப்படும் வாழ்த்துகள் பத்தொன்பது. பெயர் மட்டும் மாறவில்லை. கால்களைச் சேர்த்து, எருசலேம் இருக்கும் திசை நோக்கி நின்று, உதடு அசைய, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத அளவு மெல்லச் சொல்வார்கள். இதற்கு அவர்கள் காட்டும் முன்மாதிரி அன்னாள். பிள்ளை வரம் வேண்டி அவள் உதடுகளை மட்டும் அசைத்தபோது, குடித்திருக்கிறாள் என்று ஏலி தவறாக எண்ணினாரே, அந்த அன்னாள்தான்.

நீங்கள் பார்த்த கோயிலின் பெயரே இந்த அமிதாவின் இரண்டாம் வாழ்த்தில் வருகிறது. ‘முஸ்மேயா யேசுவா’ என்று நம் ஊரில் வழங்கும் அப்பெயருக்கு, மீட்பை முளைக்கச் செய்பவர் என்று பொருள். விதை முளைவிடுவதற்கு ஆளும் வினையே அது. பாக்தாத் வழிவந்த யூதர்கள் 1854-இல் மரத்தால் எழுப்பிய கோயில் இருந்த இடத்தில், இன்றைய கட்டடத்தை 1896-இல் கட்டி முடித்தார்கள். ஜப்பானியர் படையெடுப்பின்போது பெரும்பாலோர் ஊரைவிட்டுச் சென்றுவிட்டனர். கூட்டு வழிபாட்டுக்கு, மரபுப்படி வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இப்போது அத்தனை பேர் சேர்வதற்கே பல சமயம் வெளிநாட்டுப் பயணிகளை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் அந்தக் கட்டடத்தை ‘ஜெப ஆலயம்’ என்பது சரியா?

பதில்: தமிழ் வேதாகமம் ஆண்டு வரும் சொல் அது, தாராளமாகச் சொல்லலாம். எபிரேயத்தில் அதற்கு ‘பேத் கெனெசெத்’, அதாவது கூடும் வீடு என்று பெயர். இஸ்ரேலின் நாடாளுமன்றத்துக்கு வழங்கும் ‘கெனெசெத்’ என்பதும் இச்சொல்லே. ஏசாயா 56:7-இல் ‘ஜெபவீடு’ என்று தமிழில் வாசிக்கிறோமே, அங்கேதான் மூலத்தில் ‘பேத் தெஃபிலா’ என்று நீங்கள் கேட்ட சொல் நிற்கிறது.